தோள்ல ஏறுன காத்து

...அதான்மா, கடைசி வீட்டுக்காரி சொல்றத நம்பாத. வயித்துல மூணு சின்ன ஓட்டைதானாம், மறுநாளே எந்திரிச்சு கோழிக்கறி ஆக்குனாளாம். நானும் அப்படி நெனச்சுத்தான் போனேன். அடுத்த வாரம் நீயும் அதே ஆபரேஷனுக்குப் போய் படுக்கணும், அதனால இந்தத் தோளு கதைய கேட்டுக்க.

கர்ப்பப்பையில கட்டின்னு, டவுன் ஆஸ்பத்திரியில கேமரா விட்டு எடுத்தாங்க. மறுநாள் காலையில வயிறு சும்மா இருக்கு, வலது தோளு புடிச்சுக்கிச்சு. செர்டாங் பக்கம் ரப்பர் எஸ்டேட்டுல காண்டா கம்ப குறுக்க வச்சு, ரெண்டு முனையிலயும் பால் வாளி தொங்கவிட்டு சொமந்த தோளு. மேடு ஏறையில உங்க தாத்தா பின்னாடியே பாடிக்கிட்டு வருவாரு. காது குடுத்துக் கேக்க முடியாது, அதுக்கு பயந்தே வேகமா நடப்பேன். அது கெடக்கட்டும்.

அவரு உசுரு போனதும் தோளு வலியிலதான், மாரடைப்பு. தேத்தண்ணி கேட்டாரு, நான் கலக்கி எடுத்துட்டு வர்றதுக்குள்ள போயிட்டாரு. எனக்கும் அதுதான்னு முடிவு பண்ணிட்டேன். சொன்னா வீட்டுக்கு விடமாட்டாங்களேன்னு போர்வைக்குள்ளயே தைலத்தத் தேச்சுக்கிட்டு பொரண்டு பொரண்டு படுத்தேன். குடுத்த வலி மாத்திரையும், ரொம்ப முடியாட்டி போட்டுக்கலாம்னு தலகாணிக்கு அடியில.

நர்ஸு மிஸி ஒருத்தி, நம்ம தமிழ்ப் புள்ள, தைல வாடைய வச்சே கண்டுபுடிச்சுட்டா. அவரு கதையச் சொல்லி அழுதேன். அவ சிரிக்கல. டாக்டர கூப்புட்டு, நெஞ்சுல ஒயர ஒட்டிப் பாத்துட்டு அப்புறந்தான் பக்கத்துல உக்காந்தா.

"பாட்டி, ஹார்ட்டு நல்லா இருக்கு. ஆபரேஷனுக்கு வயித்துல காத்து அடிச்சு உப்ப வைப்பாங்க. மிச்சக் காத்து உள்ள நின்னுச்சுன்னா தோளுலதான் வலிக்கும் லா. ரெண்டு மூணு நாள்ல போயிரும். வலி ஏறுறதுக்கு முன்னாடியே மாத்திரைய நேரத்துக்குப் போடுங்க. எந்திரிச்சு மெதுவா நடங்க."

மோட்டார் டயருக்குக் காத்தடிச்சா ஹேண்டல் வீங்குன கதையா இருக்கேன்னேன். அப்பத்தான் சிரிச்சா.

மாத்திரையப் போட்டுட்டு அவ கையப் புடிச்சு நடந்தேன். பக்கத்துக் கட்டில் மலாய்க்கார மக்சி, அந்த வயசான அம்மாவுக்கும் அதே வலியாம், அவளும் கூட வந்துட்டா. கொஞ்ச நேரத்துல மாத்திரை வேலை செஞ்சு தோளு லேசாச்சு, நான் பாட்டுக்கு முன்னாடி போறேன். மெதுவா, மெதுவான்னு மிஸி பின்னாடியே வர்றா. உங்க தாத்தா பின்னாடி பாடிக்கிட்டு வர்ற மாதிரியே இருந்துச்சு எனக்கு.

நீயும் என்னாட்டம் மறைக்காத. வலிச்சா வலிக்குதுன்னு சொல்லு. நெஞ்சு அடைச்சாலோ மூச்சு முட்டினாலோ அப்பவே சொல்லிப்புடு, அது காத்தா என்னன்னு அவங்க பாக்கட்டும்...

யம்மா, தூறல் போடுது. கொடியில துணி கெடக்கு. நீ எந்திரிக்காத, உக்காரு. இந்தத் தோள இப்ப நல்லாத் தூக்க முடியுது, கொடி எட்டும்.