மூலைவரை ஓடிய ரப்பர்

ரெமிஜியுஸ் போய்விட்டார் என்ற செய்தியைப் புன்னைக்காயலிலிருந்து வந்த லாரி ஓட்டுநர்தான் சொன்னார். என் கடை வாசலில் வண்டியை மெதுவாக்கி, "உங்க கூட்டாளி தவறிட்டாக அண்ணாச்சி" என்றார். மஞ்சள்காமாலையில் மாதக்கணக்காகப் படுத்திருந்தவர். அதிர்ச்சி வரவில்லை, அசதிதான் வந்தது.

வேதியியல் படித்தவர். ஆறுமுகநேரிப் பக்கம் ஒரு ரசாயன ஆலையில் நல்ல வேலையில் இருந்தார். தூத்துக்குடியில் புதிய துறைமுக வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில், அவருடைய தம்பியின் கை தோணிக்கும் சரக்கு இறக்கும் மேடைச் சுவருக்கும் நடுவே சிக்கி நசுங்கியது. தோணி சுவரில் இடிப்பதைத் தாங்கக் கட்டியிருந்த பழைய டயர் கிழிந்து விழுந்ததுதான் காரணம். ரெமிஜியுஸ் வேலையை விட்டார். என்னைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு ஒரு கொட்டகை போட்டார். கழித்த டயரைப் பொடியாக்கி, பிளாஸ்டிக்கோடு சேர்த்து உருக்கி, தோணியின் விலாவில் பூட்டக் கெட்டியான பலகைகள் செய்ய வேண்டும் என்பது அவர் எண்ணம்.

பிளாஸ்டிக் உருகியது, ரப்பர் உருகவில்லை. பொடி கூடக்கூடக் கலவை களிபோல இறுகி, பலகை வார்க்கும் அச்சில் பாதி வழியில் நின்றது. சூட்டைக் கூட்டினோம், புகைந்து கருகியது. மாதங்கள் இப்படியே போயின. ஒரு மத்தியானம் அலுத்துப்போய், கலவையைத் தள்ளும் சக்கரத்தை ஆத்திரத்தோடு வேகமாகச் சுற்றினேன். சட்டென்று இளகி ஓடியது.

"நிறுத்தாதேயும் வே! மெல்லத் தள்ளுனா மல்லுக்கு நிக்கி, வேகமாத் தள்ளுனா வழிவிடுது. சூடு வேண்டாம், வேகந்தான் வேணும்!" என்று கத்திக்கொண்டே அவரும் சக்கரத்தைப் பிடித்தார். அச்சு மூலைவரை நிறைந்தது. அப்படி அவர் சிரித்ததைப் பிறகு நான் பார்க்கவில்லை.

அந்தப் பலகைகள் ஒரு தோணியில் மழைக்காலம் முழுக்கத் தாங்கின. ஆனாலும், "பழைய டயர் சும்மாவே கெடக்கு, இது எதுக்கு?" என்றார்கள் மற்ற தோணிக்காரர்கள். ரெமிஜியுஸ் ஒவ்வொருவரிடமும் போய்த் தம்பிக்கு நேர்ந்ததைச் சொன்னார். எல்லோரும் வருத்தப்பட்டார்கள். யாரும் வாங்கவில்லை.

கொட்டகையைப் பூட்டிய அன்று, "நாம செஞ்சது தப்பில்ல வே. கேக்க ஆளில்ல, அவ்வளவுதான்" என்றார்.

அவரை அடக்கம் செய்தபோது கல்லறைத் தோட்டத்தில் வெயில் ஏறிவிட்டது. பங்குச் சாமியார் செபம் முடித்த பிறகும் ஆள்மாற்றி ஆள் பேசினார்கள். என்னையும் அழைத்தார்கள். அவர் மனைவி பிலோமினா அம்மாள் கையமர்த்தினார்.

"போதும் அண்ணாச்சி. அவுக அலைஞ்சு அலைஞ்சு ஓஞ்சுட்டாக. இனிமேலாவது படுக்கட்டும்."

ஒரு பிடி மணலைப் போட்டுவிட்டுத் திரும்பினேன். அங்கே பேசாததைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். போய் வாரும், ரெமிஜியுஸ்.