வேலி தாண்டிய துணிப்பந்து

ராசா ஊர்ப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்த என்னை ரந்தாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் பேரேடு எழுதும் கிராணிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். வேலை போயிற்று, நான் கிராணியம்மா ஆனேன். அவர் தபாலில் படித்து லண்டன் பரீட்சை எழுதப்போகிறார், எல்லாம் சுயமாகப் படித்தது என்று தோட்டமே மெச்சியது. வகைக்கெழுச் சமன்பாட்டில் மனிதர் முழி பிதுங்குவதும், சொல்லித்தருவது நான் என்பதும் வீட்டுச் சுவருக்குத்தான் தெரியும். வெளியில் மூச்சு விடக்கூடாதாம். ஆம்பளை கௌரவம்! எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் சொல்லிக்கொடுப்பதில் ஒரு சுகம் இருந்தது.

தாளில் எழுதினால் தலையில் ஏறவில்லை. ஒரு ஞாயிறு காலை பலகையில் சைக்கிள் டியூப்பைக் கவண்போல ஆணியடித்து, கொல்லையில் துணிப்பந்து எய்யவைத்தேன். காற்றை மறந்து கணக்குப் போட்டு, பந்து விழும் இடம் இதுதான் என்று ஒரு குச்சி நட்டார். பந்து பாதியிலேயே விழுந்தது. கணக்கே பொய் என்று இளித்தார். வேகம் கூடினால் காற்றின் இழுப்பும் கூடும், வேகம் குறையக் குறைய இழுப்பும் குறையும், சமன்பாடு சொல்வது அதைத்தான் என்றேன். கனமான பந்திடம் காற்றின் ஜம்பம் பலிக்காது என்றும் சொல்லிவைத்தேன். துணி காயப்போட்டுத் திரும்புவதற்குள் மகானுபாவர் அடுப்படிக்குப் போய், கைக்கு அகப்பட்டதைப் பந்தில் நிரப்பி, இழுத்து விட்டுவிட்டார். அது குடியிருப்பைச் சுற்றிய முள்வேலியைத் தாண்டி விழுந்தது.

அகப்பட்டது பங்கீட்டு அரிசி. வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் அது. ஒரு பிடி அரிசி வேலிக்கு வெளியே போனாலும் காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போட்டதாக அர்த்தம். பிடித்துக்கொண்டு போனால் எப்போது விடுவார்களோ. காவலுக்கு நின்ற தமிழ்ப் போலீஸ்காரர் பந்தை அவிழ்த்துப் பார்த்துவிட்டு நேரே எங்கள் கொல்லைக்கு வந்தார். பின்னாலேயே லயத்து வீடுகளில் இருந்த தொழிலாளர் சனம்.

என் வீட்டுக்காரர் உளறிக்கொட்டுவார் என்று நினைத்தேன். இல்லை. வெறும் துணி ஏன் கிட்டே விழுகிறது, அரிசி ஏன் தூரம் போகிறது, காற்று எப்படி வேகத்தைத் தின்கிறது என்று என்னைவிடத் தெளிவாகச் சொன்னார். அந்தப் பயத்திலும் எனக்குப் பெருமையாக இருந்தது. போலீஸ்காரர் நம்பவில்லை. பலகையைத் தன் இஷ்டத்துக்குச் சாய்த்து, துணிப்பந்து எங்கே விழும் என்று முன்கூட்டியே காட்டச் சொன்னார். இவர் குச்சியால் மண்ணில் கணக்குப் போட்டு, ஓரிடத்தில் செருப்பைக் கழற்றி வைத்தார். பந்து செருப்பு வாரை உரசிக்கொண்டு விழுந்தது.

"பெரிய ஆளுதான் கிராணி. எல்லாம் தானாவே படிச்சதா?"

இவர் கூட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இல்ல லா. எனக்கு வாத்தியாரே இவதான்."

போலீஸ்காரர் அரிசியை என் முந்தானையில் கொட்டினார்.

"இனிமே மண்ண ரொப்பச் சொல்லுங்க, டீச்சர்" என்றார்.

கல்யாணத்துக்குப் பிறகு என்னை ஒருவர் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.