கயிற்றுக்குள் செல்லச்சாமி

தேவிபட்டினத்து மீன் கூடையைச் சைக்கிள் கேரியரில் கட்டி, ஐஸ் உருகுமுன் ராமநாதபுரம் சந்தைக்கு மிதித்துப் பழகிய கால்கள் செல்லச்சாமிக்கு. ஐம்பதுகளில், பொங்கலுக்குப் பொங்கல் ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் வரை நடந்த சைக்கிள் பந்தயத்தில் அவனை முந்த ஆளில்லை. தொடர்ந்து மூன்று வருஷம் மாலை அவன் கழுத்துக்குத்தான். ஊரே தலையில் தூக்கி வைத்து ஆடியது. அவனும் லேசுப்பட்டவனா? வீரன் மீன் சுமக்கலாமா என்று அந்தப் பிழைப்பையே விட்டுவிட்டான்.

நாலாம் வருஷம், குறுக்கே பாய்ந்த ஆட்டுக்காக ஒடித்துத் திருப்பி விழுந்தான். ஆடு பிழைத்தது, முழங்கால் போயிற்று. தூக்கி வைத்த ஊர் கீழே போடவும் தயங்கவில்லை. கூடைக்குத் திரும்ப ரோஷம் விடவில்லை. வேடிக்கை காட்டும் பால்சாமி வந்து கூப்பிட்டான். திடலைச் சுற்றிக் கயிறு கட்டி, அதற்குள் இரவு பகலாகச் சைக்கிளில் மெதுவாகச் சுற்ற வேண்டும். குளியலும் சாப்பாடும் சைக்கிளிலேயே. கால் தரையில் பட்டால் மானம் போச்சு. ஊர்தான் மாறியது, இடப்பக்கமாகவே சுற்றும் வட்டம் மாறவில்லை. அதிலேயே வருஷங்கள் ஓடிப்போயின.

அந்தப் பொங்கலுக்கு உச்சிப்புளித் திடல். அந்த மண்டபம் பந்தயம் போகும் ரோடு பக்கத்திலேயே இருந்தது. "வாராங்க, வாராங்க!" என்று யாரோ கத்தியதும் மொத்தக் கூட்டமும் அங்கே ஓடியது. பால்சாமியும் மைக்கைப் போட்டுவிட்டு ஓடினான். திடலில் செல்லச்சாமியும் அவன் பெண்சாதி பூமயிலும் மட்டும்.

"இங்கன ஒரு ஈ காக்கா இல்ல. எறங்கிக் கஞ்சியக் குடிங்க."

"எறங்க மாட்டேன் புள்ள. கயித்த அவுத்துவிடு. மண்டபம் வரைக்கும் ஒருதரம் ஓட்டிட்டு வாரேன்."

இந்தச் சொல்லுக்காகத்தானே அவள் இத்தனை நாள் காத்திருந்தாள்! ஓடிப்போய் அவிழ்த்தாள். எதிரே ரோடு நேராகக் கிடந்தது. அவன் குனிந்து மிதித்தான். கயிறு அவிழ்ந்த இடத்துக்கு வந்ததும் ஹேண்டில் இடது பக்கம் திரும்பியது. இன்னொரு சுற்று வந்தான். மறுபடியும் அதே இடத்தில் உடம்பு இடப்பக்கமே சாய்ந்தது.

"வளைக்காதீங்க! நேரா வாங்க!"

"நான் வளைக்கலடி," என்றான். அழுதுவிடுவான் போலிருந்தது. அவனுக்கு அவ்வளவு பயம் ஒருபோதும் வந்ததில்லை.

கூட்டம் திரும்பி வந்தது. அவிழ்ந்து கிடந்த கயிற்றைப் பார்த்த பால்சாமி, அதை எடுத்துக் கட்டினான். பூமயில் கஞ்சிச் செம்பை எடுத்துக்கொண்டு சைக்கிள் கூடவே அந்த வட்டத்தில் ஓடினாள்.