வலப்பக்கத்து இருக்கை

இந்த நகரத்தில் ஒரு பொருளை விற்க வேண்டுமானால் அதை நான்கு மொழிகளில் சொல்ல வேண்டும். அண்மையில் நானே அப்படியோர் அறிவிப்பை எழுத நேர்ந்தது. ரேஸ் கோர்ஸ் சாலையோரம் நின்ற ஒரு பழைய அமெரிக்கக் காரின் முன்கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்பதை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதி ஒட்டினேன். மலாயில் எழுதித் தந்தவர் பக்கத்து வீட்டுத் தபால்காரர். சீனத்தில் எழுதியவர் காப்பிக்கடைக்காரர். மற்ற மூன்றும் ஒற்றைச் சொல்லாக இருக்க, சீனம் மட்டும் இரண்டு வரி நீண்டிருந்தது. காரணம் கேட்டபோது, வெறுமனே விற்கிறோம் என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், அதனால் 'குடும்பத்துக்கு யோகமான வண்டி' என்றும் சேர்த்திருப்பதாகக் கடைக்காரர் சொன்னார். அதை நான் தமிழில் சொன்னதும் காரின் உரிமையாளரான செல்லையா அந்தச் சீன எழுத்துகளையே சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

செல்லையா மன்னார்குடிப் பக்கத்துக்காரர். பேருந்து நிறுவனமொன்றின் பட்டறையில் மெக்கானிக். தேக்காவில் நான் குடியிருக்கும் மாடியில் அடுத்த தடுப்பறையில் இருப்பவர். போருக்கு முன் யாரோ ஓர் அமெரிக்கர் கப்பலில் கொண்டுவந்து விட்டுச்சென்ற அந்தக் கார், கிராஞ்சியில் ஒரு கோழிப்பண்ணையில் கிடந்தது. அவர் முதலில் பார்த்தபோது அதன் இருக்கைகளில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தனவாம். உடைந்த வண்டிகளிலிருந்து உறுப்புகளைத் தேடிச் சேர்த்து, கிடைக்காதவற்றைத் தாமே கடைந்து, பல ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவிட்டு அதை எழுப்பி நிறுத்தினார். கரும்பச்சை வண்ணமும் வெள்ளி விளிம்புமாக அது சிராங்கூன் சாலையில் வரும்போது பூக்கட்டுபவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள்.

அதில் ஒரே ஒரு சங்கடம். அமெரிக்க வழக்கப்படி அதன் ஸ்டீயரிங் இடப்பக்கம் இருந்தது. சாலையின் இடப்பக்கமே ஓட்ட வேண்டிய இந்த ஊரில், ஓட்டுபவர் நடைபாதை ஓரமாக ஒதுங்கிவிடுவார். முன்னால் லாரி போனால் எதிரே என்ன வருகிறது என்று அவருக்குத் தெரியாது. வலப்பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பொறுப்பு என்னுடையதாயிற்று.

"பி.ஏ. படிப்புக்கு இதுதான் தம்பி சரியான உத்தியோகம். 'போ', 'நில்லு', ரெண்டே வார்த்தை" என்று கேலி செய்வார். "பாக்கியம் வந்துட்டா இந்த வேலையும் உங்களுக்குப் போயிடும், பாத்துக்குங்க."

பாக்கியம் அவர் மனைவி. ஒரு மகளோடும் மகனோடும் ஊரில் இருந்தார். அவர்களை அழைத்துவருவதற்கான ஒவ்வொன்றையும் செல்லையா வரிசையாகச் செய்துகொண்டிருந்தார்: முதலில் கார், பிறகு தனி வீடு, பிறகு கப்பல் சீட்டு. சில ஞாயிறுகளில் நாங்கள் குவீன்ஸ்டவுன் வரை போய், புதிதாக எழும் அடுக்குவீடுகளைக் காரிலிருந்தபடியே பார்ப்போம். "அந்த மூணாவது மாடி நல்லாயிருக்கும். மேல போனா அதுக்குத் தலை சுத்தும்" என்பார். இருபது பேருக்கு ஒரு குழாய் என்றிருக்கும் தடுப்பறைக்கு மனைவியை அழைத்துவர அவருக்கு மனமில்லை. வசதி செய்துகொண்டு அழைப்பது பொறுப்புள்ளவன் செயல் என்றே அவரும் நம்பினார், நானும் நம்பினேன்.

சுயாட்சி வந்து சில மாதங்களில் குடிநுழைவுச் சட்டம் திருத்தப்பட்டது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கணவனைப் பிரிந்து வெளிநாட்டில் வாழ்ந்த மனைவிக்கு இனி அனுமதி இல்லை. ஊரில் இருப்பவர்களே, இதன் கொடுமை உங்களுக்கு உடனே புரியாமல் போகலாம். நம் பக்கத்தில் கணவன் கடல் கடந்திருப்பதும் மனைவி வீட்டைக் காப்பதும் குடும்பம் நடத்தும் முறைகளில் ஒன்று. அதைப் பிரிவு என்று யாரும் சொல்வதில்லை. பாக்கியத்துக்குக் கேட்ட அனுமதி அந்தச் சட்டப்படி மறுக்கப்பட, மேல்முறையீட்டு மனுவோடு நாங்கள் அலுவலகத்துக்குப் போனபோது அங்கிருந்த அதிகாரி, கடுமை சிறிதுமில்லாத குரலில், ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டார்: "இத்தனை ஆண்டுகளாகச் சேர்ந்து வாழவில்லையே, இவருக்கும் மனைவிக்கும் என்ன சண்டை?"

நான் மொழிபெயர்த்தேன். செல்லையா அவரை வியப்போடு பார்த்தார். "சண்டையா? சண்டை போடவாச்சும் ஒன்னா இருந்திருக்கணுமே தம்பி."

இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. சண்டை ஒன்றுமில்லை என்று மட்டும் சொன்னேன். மனு தள்ளுபடியாயிற்று. சட்டத்தை இயற்றியவர்களைத் திட்டியிருந்தால் மனம் ஆறியிருக்கும். ஆனால் வேலையும் வீடும் போதாத ஒரு சிறு தீவு, தன்னோடு நிலைத்திருப்பவர் யார், வந்து போகிறவர் யார் என்று கேட்பதில் ஒரு நியாயம் இருப்பதை என்னால் மறுக்க முடியவில்லை. அந்த நியாயம் பாக்கியத்தின் மேல் வந்து விழுந்ததையும் என்னால் தடுக்க முடியவில்லை.

ஆகவே காரை விற்றுவிட்டு ஊரோடு போய்விடுவது என்று செல்லையா முடிவு செய்தார். அந்தச் செய்தியைக் கொண்டுபோன உறவினர் திரும்பி வந்தபோது பாக்கியத்தின் பதிலும் வந்தது: "இங்க வந்து என்ன வேலை பாப்பீங்க? பொண்ணு பள்ளிக்கூடம் முடிக்கட்டும். அங்கேயே இருங்க." இரண்டு நாள் கழித்து இன்னொருவர் வேறொரு பதிலைக் கொண்டுவந்தார்: "வர்றதுன்னா சீக்கிரம் வாங்க." இரண்டும் பாக்கியம் சொன்னவையே. எதை உண்மையாகக் கொள்வது என்று செல்லையா என்னைக் கேட்டார். இரண்டுமே உண்மை என்றேன். படித்தவன் சொன்ன அந்தப் பதில் அவருக்கு எதற்கும் உதவவில்லை.

காரை வாங்க வந்தவர் திருமணங்களுக்கு வண்டி வாடகைக்கு விடும் சீன முதலாளி; தவுக்கே என்பார்கள் இங்கே. இஞ்சினைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பின்னிருக்கையில் ஏறி உட்கார்ந்து, மணப்பெண்ணின் கவுன் கசங்காமல் இருக்குமா என்று கைகளை அகல விரித்துப் பார்த்தார். இவ்வளவு பாடுபட்ட வண்டியை ஏன் விற்கிறாய் என்று மலாயில் கேட்டார். செல்லையா தமக்குத் தெரிந்த சந்தை மலாயில், "பினி தா போலே மாசூக்" என்றார். மனைவி உள்ளே வர முடியாது என்று பொருள். தவுக்கே கதவின் அகலத்தைப் பார்த்தார். செல்லையாவின் ஒல்லி உடம்பைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். இந்தக் கதவுக்குள் நுழைய முடியாத மனைவியா என்று கேட்டுச் செல்லையாவின் தோளைத் தட்டினார். விளக்க நான் வாயெடுத்தேன்.

"வேணாம் தம்பி, விடுங்க" என்றார் செல்லையா. "நல்லா சிரிக்கிறாரு லா. சிரிச்சிட்டுப் போகட்டும்."

கார் போயிற்று. நாகப்பட்டினத்துக்குக் கப்பல் சீட்டு எடுத்தார். ஆறு மாதத்துக்குள் வந்தால் வேலை இருக்கும் என்று பட்டறையில் சொன்னார்கள். திரும்பி வருவதற்கான அனுமதியையும் வாங்கி வைத்துக்கொண்டார். புறப்படுவதற்கு முதல் நாள், தகரப் பெட்டியில் விலாசம் எழுதப் பெயிண்ட்டோடு என்னை அழைத்தார். எந்த விலாசம் என்று கேட்டேன். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "அந்தப் பக்கம் ஊரு, இந்தப் பக்கம் தேக்கா. ரெண்டையும் எழுதிடுங்க" என்றார். ஒன்றை எழுதினால் போதும், துறைமுகத்தில் குழம்புவார்கள் என்று சொல்லியிருக்கலாம். இரண்டையும் எழுதினேன்.

மறுநாள் துறைமுகத்தில் அவர் மேல்தட்டில் கூட்டத்துக்குள் மறைந்துவிட்டார். கையசைக்கக்கூட ஆளைக் காணவில்லை. பெரிய பெட்டிகளை வலையில் கட்டிக் கிரேன் தூக்கிக்கொண்டிருந்தது. அவருடைய பெட்டி ஓரத்தில் இருந்ததால் தெளிவாகத் தெரிந்தது. கப்பலுக்கும் கரைக்கும் நடுவே வலை சற்று நின்று, கடற்காற்றில் மெல்லச் சுழன்றது. மன்னார்குடி தெரிந்தது, பிறகு தேக்கா, மறுபடியும் மன்னார்குடி. கீழே நின்றவர்கள் இறக்கு, இறக்கு என்று மலாயில் கத்தினார்கள்.