பையன் வீட்டார்

ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் நான் திருநம்பி, மற்ற நாட்களில் மந்தைவெளியில் துணி தேய்க்கிறவன். இதை நான் சொல்லவில்லை. அம்மாவின் பெண்கள் சொல்வது. நான் தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பும்போது வாசலில் நின்று சொல்வார்கள்.

பிறந்தபோது என்னைப் பெண் என்றார்கள். அது சரியில்லை என்று எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். ஊருக்குத் தெரிய வைக்கத்தான் நாளானது. அடையாற்றங்கரையில் இருந்த எங்கள் குடிசைகளை எடுத்து, ஊருக்கு வெளியே மாடி வீடுகளில் குடிவைத்தார்கள். குடும்பம் அங்கே போனது. நான் போகவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு இஸ்திரி வேலை சரியாக வந்தது. ஹார்மோன் ஊசி போட்டு மீசை முளைத்த பிறகு மந்தைவெளிக்கு வந்து, ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் சுவரோரம் வண்டியைப் போட்டேன். இங்கே யாருக்கும் என் பழைய கதை தெரியாது. துணி கொடுக்கிறார்கள், வாங்கிப் போகிறார்கள். யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு ஆம்பளையாக நடமாடுவது, அதுதான் நான் பாடுபட்டுச் சம்பாதித்தது. வேறு சொத்து எனக்குக் கிடையாது.

அம்மா என்று நான் சொல்வது என்னைப் பெற்றவரை அல்ல. ஊரூர் குப்பத்தில் குடியிருந்துகொண்டு, சாயங்காலமானால் பெசன்ட் நகர் கடற்கரையில் வறுத்த மீன் விற்கும் திருநங்கை அவர். திருநங்கைகள் அம்மா, மகள், பாட்டி என்று முறை வைத்துக் கூடி வாழும் ஜமாத்தில் பெரிய மனுஷி. திருநர் அடையாள அட்டைக்காக ஒரு அரசு அலுவலகத்தில் வரிசையில் நின்றபோது பழக்கம். பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் வழிவிட்டு, காலையில் நின்ற இடத்தை விடவும் பின்னால் போயிருந்தேன். அவர் என் காலரைப் பிடித்து இழுத்துத் தனக்கு முன்னால் நிறுத்தினார்.

“இன்னா நைனா, ஆபீஸ பூட்டிட்டு சாவிய குடுத்துட்டுப் போலாம்னு கீறியா?” என்றார்.

அந்த வாரமே அவர் வீட்டில் நெத்திலிக் குழம்பு சாப்பிட்டேன். அப்புறம் ஞாயிறு தவறியதில்லை. ஆனால் சாப்பாட்டுக்கு மேல் ஒரு அடி எடுத்து வைத்ததுமில்லை. பேரணிக்குக் கூப்பிடுவார்கள். கூட்டத்துக்குக் கூப்பிடுவார்கள். சித்திரை மாதம் கோயில் திருவிழாவுக்குப் போகிற வேனில் எனக்கும் ஒரு சீட் போட்டு வைப்பார்கள். துணி கிடக்கிறது என்பேன். வீட்டுக்கு மூத்த மகள் வாய் நீளம்.

“இவரு பீச்சுக்குக் கால் நனைக்க வந்த ஆளு. பேன்ட்ட சுருட்டிக்கினு ஓரமா நிக்கறாரு. நாமதான் முழுகிக் கெடக்கறோம்,” என்றாள்.

அந்த வீட்டிலேயே எல்லோரும் முழுகியவர்கள் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். மூத்தவள் எங்கே பிரச்சினை என்றாலும் முதல் ஆளாக நிற்பாள். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் அவளுக்கென்று ஒரு டீக்கடைக் கணக்கே உண்டு. அடுத்தவள் தி.நகரில் ஒரு துணிக்கடையில் புடவைப் பிரிவில் நிற்கிறாள். பொங்கலுக்கும் சாவுக்கும் மட்டும் வருவாள். மற்றபடி எல்லாம் போனில்தான், அதுவும் கஸ்டமர் இல்லாத நேரத்தில். இன்னொருத்தி வருஷத்துக்கு ஒரு தடவை எல்லோரோடும் சண்டை போட்டு, இந்த ஜமாத்தே வேண்டாம் என்று பெட்டியோடு போவாள். பெட்டியில் பாதியை இங்கேயே விட்டுவிட்டுப் போவதால் திரும்பி வரவேண்டியிருக்கும். அம்மா யாரையும் இத்தனை நாள் வா, இத்தனை தூரம் வா என்று சொன்னதில்லை. திட்டுவதில் மட்டும் எல்லோருக்கும் சம பங்கு.

அதனால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்கு நடுவில், என்னை முறைப்படி மகனாக எடுக்கப் போகிறேன் என்று அவர் சொன்னபோது, எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

“நாளிக்கு நான் பூட்டேன்னு வெச்சிக்கோ. ஜமாத்து வந்து ஒக்காரும். ஓரமா நின்னுகினு அழுவுறானே, இவன் யாருன்னு கேக்கும். இன்னா சொல்றது? சாப்புட வந்தவன்னு சொல்றதா?” என்றார்.

ஜமாத்தில் மகள் எடுப்பதுதான் வழக்கம். மகன் எடுத்ததாக அங்கே யாருக்கும் ஞாபகம் இல்லை. எனவே என்னை விட்டுவிட்டு எல்லோரும் சடங்கைப் பற்றிச் சண்டை போட ஆரம்பித்தார்கள். புடவைக்குப் பதில் வேட்டி, அது சுலபம். வளையலுக்குப் பதில் என்ன? கைக்கடிகாரம் என்றாள் ஒருத்தி. பூவை எங்கே வைப்பது என்று கேட்டாள் இன்னொருத்தி. சட்டைப் பையில் என்று தீர்ப்பானது. மூக்குத்திக்கு ஒரு வழியும் கிடைக்கவில்லை.

எனக்குப் பயம் தந்தது சடங்கு இல்லை. அதற்கு முன்னால் நடக்கும் ஒன்று. அம்மா வீட்டுக்கென்று ஒரு பழக்கம் உண்டு. மகளாக வருகிறவளை அவள் இருக்கும் இடத்துக்கே தட்டு எடுத்துப் போய், நாலு பேர் பார்க்க அழைத்துவிட்டு வரவேண்டும். அந்த வீட்டில் இருக்கிற ஒவ்வொருத்தியும் ஏதோ ஒரு வீட்டிலிருந்து விரட்டப்பட்டவள். இந்த வீட்டுக்காவது கூப்பிட்டு வந்ததாக இருக்கட்டும் என்று அம்மா ஏற்படுத்தியது. நல்ல பழக்கம்தான். ஆனால் நான் இருக்கும் இடம் மந்தைவெளி. அவர்கள் வந்து நின்றால், இவர்கள் ஏன் இவனிடம் வருகிறார்கள் என்று தெரு யோசிக்கும். யோசித்தால் என்னைக் கூர்ந்து பார்க்கும். கூர்ந்து பார்த்தால் நான் சேர்த்த சொத்து போய்விடும்.

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. எங்கள் தெருவில் கை தட்டவேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

மூத்தவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மா அவளைக் கையமர்த்தினார். என் பயம் அவருக்குப் புரிந்துவிட்டது. சத்தமில்லாமல், கண்ணுக்குப் படாமல் வந்துவிட்டுப் போகிறோம் என்று வாக்குக் கொடுத்தார். அந்த வாக்குதான் வினையானது.

ஒரு முகூர்த்த நாள் காலையில் தெருமுனையில் இரண்டு ஆட்டோக்கள் வந்து நின்றன. என் வண்டியில் அப்போது முதல் மாடி மாமி வீட்டுத் தலையணை உறை. ஆட்டோவிலிருந்து அவர்கள் இறங்கியதைப் பார்த்து எனக்கே அடையாளம் தெரியவில்லை. கண்ணைப் பறிக்கும் நிறம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் மெல்லிய கரை வைத்த பட்டு. உதட்டுச் சாயம் இல்லை. தி.நகர்க்காரி லீவு போட்டு வந்து ஒவ்வொருத்திக்கும் மடிப்பு எடுத்துக் கட்டிவிட்டிருந்தாள். முன்னால் அம்மா, தலைமையாசிரியை மாதிரி மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு. பின்னால் தாம்பாளத் தட்டுகளில் பழம், வெற்றிலை பாக்கு, பூ, வேட்டி சட்டை. வாய் ஓயாத மூத்தவள் தரையைப் பார்த்து நடந்து வந்தாள். அந்தத் தெருவில் அவ்வளவு அடக்கமான ஒரு ஊர்வலத்தை யாரும் பார்த்திருக்க முடியாது. அதனால் எல்லோரும் பார்த்தார்கள்.

பட்டுப்புடவை, தட்டு, பழம், நல்ல நாள், கல்யாணமாகாத ஒரு ஆள். மந்தைவெளிக்கு வேறு எதுவும் யோசிக்கத் தேவையில்லை. வாட்ச்மேன் முதலில் புரிந்துகொண்டார். கேட்டுக்குள் ஓடி பிளாஸ்டிக் நாற்காலிகளை எடுத்து வந்து, துண்டால் துடைத்து வரிசையாகப் போட்டார். முதல் மாடி மாமி படி இறங்கி வந்தார்.

“ஏம்ப்பா, ஒரு வார்த்தை சொல்லப்படாதோ? பொண்ணாத்துலேர்ந்து வந்துண்டிருக்கா, நீ பனியனோட நின்னுண்டிருக்கே,” என்றார்.

நான் தலையணை உறையைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அது ஏற்கனவே அப்பளம் மாதிரி ஆகியிருந்தது.

மாமி அம்மாவுக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வந்தவர்கள் திருநங்கைகள் என்பது பக்கத்தில் பார்த்ததும் அவருக்குத் தெரிந்திருக்கும். ஒரு கணம் முகத்தில் யோசனை ஓடியது. ஆனால் சம்பந்தம் பேச உட்கார்ந்துவிட்ட மாமியை நிறுத்துவது கஷ்டம். பையன் தங்கமானவன் என்று என் பெருமையை எடுத்துவிட்டார். காபி, சிகரெட் எதுவும் கிடையாது, இத்தனை வருஷத்தில் ஒரு புடவையைக்கூடக் கருக்கினதில்லை என்றார். பிறகு கேட்டார்: “பொண்ணு என்ன பண்ணிண்டிருக்கா?”

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். பெண் இல்லை என்றால் ஏன் வந்தோம் என்று சொல்லவேண்டும். ஏன் வந்தோம் என்று சொன்னால் நான் யார் என்பதும் கூடவே வரும். பொய் சொல்லி எழுந்து போய்விடலாம். போயிருந்தால் நான் நன்றியோடு கும்பிட்டிருப்பேன். அம்மா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார்.

“நாங்க பொண்ணு வூடு இல்லம்மா. பையன் வூடு. நான் அவனுக்கு அம்மா முறை. தனியா கெடக்கறான், வூட்டுக்குக் கூப்புட்டுக்கினு போலாம்னு வந்தேன். வரானா இல்லியான்னு அவன்தான் சொல்லணும்,” என்றார்.

என்னைப் பற்றிச் சொல்லவேண்டியதை என்னிடமே விட்டுவிட்டார். மாமி மெதுவாக என் பக்கம் திரும்பினார். வாட்ச்மேனும் திரும்பினார். எதிர் வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் உலர்த்துவதை நிறுத்தியிருந்தார்கள். இத்தனை கண்கள் ஒரே நேரத்தில் என் மேல் பட்டது அதுதான் முதல் தடவை. இதற்குத்தான் இத்தனை வருஷம் பயந்தேன். இந்த அம்மா யாரோ, எனக்குத் தெரியாது என்று சொல்ல ஒரு நொடி போதும். தெருவும் நம்பியிருக்கும்.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, தட்டை வாங்கினேன். “பாவ்படுத்தி அம்மா” என்றேன். ஜமாத்தில் சிறியவர்கள் பெரியவர்களுக்குச் சொல்லும் வணக்கம் அது. வீட்டில்கூட நான் அதை வாய்க்குள்தான் சொல்வேன்.

அம்மா என் தலையில் கை வைத்தார். மூத்தவள் அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து, அவளுடைய இரண்டு கையும் தானாக உயர்ந்தன. பாதியில் ஞாபகம் வந்து, தட்டாமல் அப்படியே கும்பிடாக மாற்றிக்கொண்டாள். மாமி எழுந்து பதில் கும்பிடு போட்டுவிட்டு, காபி கலக்க உள்ளே போனார்.

அம்மாவிடம் ஒன்று பேசிக்கொண்டேன். மகனாக வருகிறேன், ஆனால் மேடை, போட்டோ, பேரணி வேண்டாம் என்றேன். “உன்ன யாரு தலைவராவச் சொன்னா?” என்றார். நல்லதுக்கும் கெட்டதுக்கும் வந்தால் போதும், மற்றது உன் இஷ்டம் என்று முடித்தார். சடங்கு அந்த மாதத்திலேயே குப்பத்தில் நடந்தது. சட்டைப் பையில் பூ வைத்தார்கள். கைக்கடிகாரம் கட்டினார்கள். மூக்குத்தி பற்றி ஜமாத்துப் பெரியவர்கள் இன்னும் முடிவு சொல்லவில்லை.

தட்டு வாங்கிய மறுநாள் காலையில் தெருவைப் பார்க்காமலே வண்டியைத் திறந்தேன். துணி வந்தது. வழக்கம் போலவே வந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காததும் ஒரு மாதிரி இருந்தது. பத்து மணி சுமாருக்கு வாட்ச்மேன் பக்கத்தில் வந்து நின்றார். தொண்டையைச் செருமினார். அக்கம்பக்கம் பார்த்தார். வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு நான் ஒரு வேட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

“தப்பா நெனச்சிக்காத. பீச்சுல மீன் கடை வெச்சிகீறது உங்க அம்மாதான? வஞ்சரம் இன்னிக்கி கெடைக்குமா?” என்றார்.

“அம்மாவக் கேட்டுச் சொல்றேன்,” என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது போலிருக்கிறது. முதல் மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது.