வண்டியா, லாடமா

திருக்கோகர்ணத்தில் பந்தய வண்டி செய்கிறேன். என் தங்கையின் கணவர் கீரனூர்ப் பக்கம் குதிரைகளுக்கு லாடம் அடிக்கிறார். எங்கள் மாவட்டத்தில் கோயில் திருவிழா என்றால் ரோட்டில் வண்டிப் பந்தயம் உண்டு. எங்கள் இருவருக்கும் வேலைக்குப் பஞ்சமில்லை. குதிரை ஜெயித்தால் பேர் குதிரைக்கு. தோற்றால்தான் வண்டியா, லாடமா என்ற கேள்வி வரும்.

போன வருஷம் அப்படித் தோற்ற ஒரு குதிரைக்கு, பூட்டுகிற வண்டிக் கம்பு உயரம், அதனால்தான் ஓடவில்லை என்று மாப்பிள்ளை டீக்கடையில் சொல்லிவிட்டார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று நானும் அதே டீக்கடையில் சொன்னேன். அன்றோடு பேச்சு நின்றது. நான் சொன்னது சரிதான், இன்றைக்கும் சொல்வேன்.

ஆனால் தங்கை மகளுக்குக் கல்யாணம் கூடிவிட்டது. தாய்மாமன் சீருக்கு என் மனைவி பட்டுச்சேலை எடுத்துப் பீரோவில் வைத்துவிட்டாள். முதல் பத்திரிகை தாய்மாமனுக்குத்தான் வைக்க வேண்டும். எனக்கு வைக்கத் தங்கையின் கணவருக்கு மனமில்லை. எனக்கு வைக்காமல் ஊருக்கு வைக்கவும் முடியவில்லை. பத்திரிகை கட்டுப் பிரிக்காமல் கிடக்கிறது என்று கேள்விப்பட்டேன். அழைக்காத வீட்டுக்குச் சீர்த்தட்டை எப்படித் தூக்கிப் போவது? எனக்குத் தூக்கம் போயிற்று.

அந்தச் சமயத்தில் குன்றாண்டார்கோவிலிலிருந்து ஒரு குதிரைக்காரர் போன் செய்தார். நான் செய்த வண்டி, மாப்பிள்ளை அடித்த லாடம். பந்தயம் நெருங்கும் நேரத்தில் குதிரை முன்னங்காலைத் தாங்கித் தாங்கி வைக்கிறதாம். போய்ப் பார்த்தால் மாப்பிள்ளையும் நிற்கிறார். இருவரையும் ஒன்றாக வரச் சொல்லியிருக்கிறார் மனுஷன்.

லாடத்தைப் பார்க்க ஒருவர் காலைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். மாப்பிள்ளையின் கூட்டாளி வரவில்லை. குதிரைக்காரருக்கோ இடுப்புப் பிடிப்பு. வேறு வழியில்லாமல் நான் குனிந்து குளம்பைத் தொடைமேல் ஏற்றினேன்.

"இன்னும் கொஞ்சம் ஒசத்தணும்டா கண்ணு" என்றார் மாப்பிள்ளை, குதிரையிடம்.

"இதுக்கு மேல ஒசத்துனா முதுகு போயிரும்னு சொல்லுடா ராசா" என்று நானும் குதிரையிடமே சொன்னேன்.

சுத்தியலால் ஆணிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். ஓரத்து ஆணி ஒன்றைத் தட்டியதும் குதிரை வெடுக்கென்று காலை இழுத்தது. அந்த ஆணி சற்று உள்ளே தள்ளி, சதையை நெருக்கிக்கொண்டு இறங்கியிருந்தது. இருவருக்கும் விளங்கிவிட்டது. என் நாக்கு துறுதுறுத்தது. ஆனால் அவர் முகம் வாடிப்போனதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. குதிரைகளைப் பிள்ளைகளாகப் பார்க்கிற மனிதர். அடக்கிக்கொண்டேன்.

லாடத்தைக் கழற்றினார். அந்த ஓட்டையை மட்டும் விட்டுவிட்டு மறுபடி அடிப்பதற்காக ஆணிகளை வாயில் கவ்விக்கொண்டார். வாயில் ஆணி இருக்கும்வரை பேச வேண்டியதில்லை. அது இருவருக்குமே வசதியாக இருந்தது.

"வண்டியா, லாடமா?" என்று கேட்டார் குதிரைக்காரர்.

மாப்பிள்ளை மிச்ச ஆணிகளை உள்ளங்கையில் துப்பினார்.

"லாடந்தாங்க. வண்டி மேல குத்தமில்ல."

என் தொடைமேல் இருந்த குளம்பைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"வெள்ளிக்கிழம வீட்ல இருங்க மச்சான். பத்திரிகை வைக்க வாரோம்."

இதைக் குதிரையிடம் சொல்லவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"வாங்க மாப்ள" என்றேன். வேலை முடிந்த பிறகும் காலை இறக்க மறந்து பிடித்துக்கொண்டே நின்றேன், குதிரைதான் இழுத்துக்கொண்டது.