கடலைப் பார்த்து நின்ற கார்

பெட்ரோலும் காய்ந்த கடற்பாசியும் கலந்த ஒரு வாசனை எங்கள் காருக்கு இருந்தது. இன்றைக்கும் எங்காவது அது மூக்கில் பட்டால் நான் பாவாடை சட்டையோடு முன் இருக்கையில் போய் உட்கார்ந்துவிடுகிறேன், எதிரே பாம்பன் பாலம் நீண்டு கிடக்கிறது, அய்யாவின் கையில் ஸ்டியரிங் குளிர்காய்ச்சல் கண்டதுபோல் நடுங்கத் தொடங்குகிறது.

அய்யா, அதாவது என் அப்பா, தங்கச்சிமடத்தில் மீன்பிடி வள்ளம் ஓட்டியவர். சித்தப்பா கடலுக்குப் போய்த் திரும்பாத வருடம், அம்மா ஒரே பிடியாக நின்று அவரைக் கரையேற்றினாள்; வள்ளம் கைமாறிப் போய் ஒரு பழைய வெள்ளைக் கார் வந்தது, இராமேஸ்வரத்துக்கு வருகிறவர்களை ஏற்றி இறக்குவது அவர் பிழைப்பானது. கார் ஓடுகிற வரைக்கும்தான் அய்யா கரையில் இருப்பார் என்பது எனக்கும் தெரியும், அதனால் அந்த நடுக்கம் தொடங்கிய நாள் முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் காரையும் வள்ளமாகவே நினைத்தார். வடக்கே இருந்து அடிக்கும் "வாடை"தான் காரணம் என்று காற்றின் மேல் பழி போட்டார். "கனத்த ஆளுக எல்லாம் வாடைப் பக்கமா உக்காருங்க" என்று அவர் சொல்ல, வெளியூர்ப் பெரியவர்கள் எது வாடைப் பக்கம் என்று தெரியாமல் ஒருவர் மடியில் ஒருவர் சரிந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மெதுவாகப் போனால் கார் சாதுவாக இருக்கும். கொஞ்சம் வேகம் எடுத்ததும் உதறும். ஒரு குடும்பம் பயந்துபோய்ப் பாலத்திலேயே இறங்கிக்கொண்ட அன்று அய்யா வீட்டுக்கு வந்து, "ஞாயித்துக்கிழமைக்குள்ள இது சரியாகல, திங்கக்கிழமை நான் மச்சானோட போட்டுல கடலுக்குப் போறேன்" என்றார். அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கினார். இடது சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டி, "பேரிங் இல்ல" என்றார். பக்கவாட்டில் ஆட்டி, "ஸ்டியரிங் ராடும் இல்ல" என்றார். கடைசியில் அந்தச் சக்கரத்தைக் கழற்றிப் போட்டு, ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு பாலம் வரை போய்வந்தார், கார் உதறவே இல்லை. அப்படியானால் கோளாறு கழற்றிப் போட்ட சக்கரத்தில்தான்; ஆனால் டயரில் வீக்கமில்லை, ரிம்மில் நெளிவில்லை. அம்மா அதைப் புரட்டிப் போட்டாள்.

"இங்கன வந்து பாருங்க, சட்டியில அடிப்பிடிச்ச மாதிரி என்னமோ இருக்கு."

ரிம்மின் உள்பக்கம், ஒரு ஓரத்தில் மட்டும், கல்லாக இறுகிய கடற்சேறு. சாயங்காலமானால் அய்யா காரைப் பழைய வள்ளம் கிடந்த இடத்துக்கே கொண்டுபோய், முகம் கடலைப் பார்க்க, இடது சக்கரம் அலை நனைக்கும் சேற்றில் புதைய நிறுத்துவார்; ஒட்டிய சேறு பகல் வெயிலில் அப்படியே காய்ந்துபோகும். ஒரு பக்கம் கனத்த சக்கரம் வேகத்தில் உதறாமல் என்ன செய்யும்! அம்மா தேங்காய்ச் சிரட்டையால் சுரண்டினாள். மாட்டி ஓட்டியபோது ஸ்டியரிங் அசையாமல் இருந்தது, நான் அழுதுவிட்டேன்.

இனிமேல் காரை வீட்டு வாசலில் நிறுத்தச் சொல்லுவாள் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை; அன்று சாயங்காலமும் அய்யா காரைப் பழைய இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்தினார். மறுநாள் அய்யா எழுவதற்கு முன்பே கரைக்குப் போய், சக்கரத்துக்குப் பின்னால் கைவிட்டுச் சேற்றைச் சுரண்டிவிட்டு வந்தாள். அந்தக் கார் எங்களிடம் இருந்தவரை தினமும் அப்படித்தான். "அவுகளுக்குத் தெரிய வேணாம் பாப்பா. கடலப் பாத்துக்கிட்டாவது இருக்கட்டும்" என்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

அந்தக் கார் பழைய இரும்புக்குப் போய் வெகுகாலமாகிவிட்டது, அம்மாவும் போய்விட்டாள். போன மாதம் என் காரில் அய்யாவைப் பார்க்கப் போனேன். "அங்கன நிறுத்து, கடலப் பாத்தாப்புல" என்றார்; மறுத்துப் பேச மனம் வரவில்லை. விடியலில் எழுந்தபோது கட்டிலில் அவரைக் காணோம். கரைக்கு ஓடினேன். என் காரின் இடது சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஒரு சிரட்டையால் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"ஒங்கம்மா இந்நேரம் முடிச்சிருப்பா" என்றார், என்னைத் திரும்பிப் பார்க்காமல்.